பதினோரு வீடும் ஒரே மூலையும்

காலை எட்டு மணிக்கே சமுதாயக் கூடத்து வரிசை தெருமுனையைத் தொட்டுவிட்டது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு டப்பா. பிஸ்கட் டப்பா, பெயிண்ட் டப்பா, பால் பவுடர் டப்பா. எல்லா டப்பாவுக்குள்ளும் மண். அவரவர் மனையில் அவரவர் கையால் தோண்டிய மண். மருந்துக்கடைக்காரர் மட்டும் தொழில் பழக்கத்தில் மருந்து பாட்டிலில் போட்டு, ‘வெளிச்சம் படாமல் வைக்கவும்’ என்ற லேபிளோடு கொண்டுவந்திருந்தார்.

இந்த மண்ணையெல்லாம் பேச வைக்கிற மனிதர் கூடத்துக்குள் இருந்தார். பெயர் தேன்கூட்டார். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதோ. அது எந்தக் காவல் நிலையத்தில் இருக்கிறதோ, நமக்குத் தெரியாது.

தேன்கூட்டார் வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார். கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி தொங்கியது. மேடைக்குப் பின்னால் நான்கு பெரிய படங்கள்: தேன்கூடு, இலை நரம்பு, தும்பியின் இறக்கை, சோப்பு நுரை.

“தேனீ வீட்டைப் பாருங்க. அறை அறையா இருக்கு. இலையை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. அறை அறையா இருக்கு. உங்க தோலைக் கண்ணாடி வச்சுப் பாருங்க. அதுவும் அறை அறையாத்தான் இருக்கு. உயிருள்ளது எல்லாம் உயிரணுவால கட்டின வீடு. இயற்கையில எங்கயாவது நேர்கோடு உண்டா?”

“இல்லை!” என்றது கூட்டம்.

“நேர்கோடு செத்த கோடு. நீங்க மட்டும் நாலு நேர்கோட்டுக்குள்ள, பெட்டிக்குள்ள படுக்கறீங்க. பெட்டிக்குள்ள படுக்கறது யாரு?”

“பிணம்!”

இரண்டு பேர் கைதட்டினார்கள். ஒருவர் அழுதார்.

தேனீயைப் பற்றிச் சொன்னது உண்மை. இலையைப் பற்றிச் சொன்னதும் உண்மை. கைதேர்ந்தவன் முழுப் பொய்யை விற்கமாட்டான். பாலில்தான் தண்ணீர் கலப்பான், தண்ணீரில் பால் கலக்கமாட்டான்.

வைத்தியம் இதுதான். மனையின் மண்ணை ஒரு கண்ணாடித் தட்டில் போடுவார். ‘ஜீவத் திரவம்’ என்று ஒரு கூஜாவிலிருந்து ஊற்றி, தட்டை மூன்று முறை ஆட்டுவார். பிறகு மிச்சத்தை வாளியில் கவிழ்ப்பார். தட்டில் சேற்றுப் படலம் ஒட்டியிருக்கும். அந்தப் படலத்துக்கு நடுவே, கூடமே வாயைப் பிளக்கும்படி, வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் தெரியும். ஐந்து பக்கம், ஆறு பக்கம், ஏழு பக்கமுள்ள அறைகள். மண் தானே வரைந்த வரைபடம்! அதற்கு ‘மண்முகம்’ என்று பெயர். தாளை வைத்து நகலெடுத்து, சட்டம் போட்டுக் கொடுத்துவிடுவார். அதைப் பெரிதாக்கி அப்படியே சுவர் எழுப்ப வேண்டும். வளைத்துக் கட்டுவதற்கென்றே ‘உயிர்ச் செங்கல்’ உண்டு. அது ஒரே ஒரு கடையில்தான் கிடைக்கும். அந்தக் கடை அவருடைய மச்சானுடையது. உயிரணுக்கள் எப்போதும் பக்கத்து உயிரணுவோடு ஒட்டித்தான் இருக்கும், பாருங்கள்.

அந்தப் பேட்டையில் இதுவரை பதினோரு வீடுகள் இப்படி எழும்பியிருந்தன. முதல் வீடு ஓய்வுபெற்ற தலைமை எழுத்தருடையது. அவர் வீட்டில் எந்தச் சுவரிலும் பீரோ ஒட்டி நிற்காது. அதனால் பீரோ கூடத்தின் நடுவில், உட்காரச் சொல்லாத விருந்தாளி போல நின்றுகொண்டிருக்கும். பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் வீட்டில் கட்டில் எந்த அறைக்குள்ளும் நுழையவில்லை. குடும்பமே தரையில் படுத்தது. “இப்பத்தான் நல்லா தூக்கம் வருது” என்றார் ஓட்டுநர். வரும். பகலெல்லாம் வளைந்த சுவருக்குச் செங்கல் சுமந்தவனுக்கு எந்தத் தரையிலும் தூக்கம் வரும்.

பன்னிரண்டாவதாகத் தலையைக் கொடுக்க வந்தவர் தையல்காரர்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு நீள அறை. பதினெட்டு அடிச் சுவர், கோடு கிழித்தது போல நேராக இருக்கும். அந்தச் சுவரை ஒட்டித் துணி வெட்டும் மேசை, பதினான்கு அடி. அதன் மேல் முழுத் துணிச் சுருளையும் விரித்து, மடிப்பில்லாமல் ஒரே நேரத்தில் நாற்பது பள்ளிச் சட்டை வெட்டலாம். எதிரே நான்கு மிஷின், நான்கு பெண்கள். தெருமுனையில் ஆயத்த ஆடைக் கடை வந்ததிலிருந்து வேலை குறைந்துவிட்டது. நான்கு மிஷினில் ஒன்று பாதி நாள் சும்மா நின்றது. மனிதன் கவலையில் இருக்கிற வாசனை தேன்கூட்டாருக்கு மூன்று தெரு தள்ளியே அடிக்கும். ஒருநாள் கடைக்குள் வந்தார். மேசையைப் பார்த்து நெஞ்சில் கைவைத்தார்.

“இது மேசையில்ல. சவப்பெட்டி மூடி. இந்தச் சுவர்தான் உங்க தொழிலை அடிச்சுக்கிட்டு இருக்கு.”

அவ்வளவுதான். சனிக்கிழமை மண்முகம் பார்ப்பது. திங்கட்கிழமை காலை சுவரை இடிப்பது. ஏழு அறைகள் எழும்பும் என்று மண்ணைப் பார்க்கும் முன்பே சொல்லிவிட்டார். எந்த அறையிலும் பதினான்கு அடி மேசை நிற்காது. ஆகவே மேசையை மூன்றாக அறுக்கத் தச்சரிடமும் சொல்லியாகிவிட்டது.

செய்தி தையல்காரரின் அக்காவுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எட்டியது. டைல்ஸ் அக்கா என்றால்தான் பேட்டையில் தெரியும். இருபது வருடமாக முட்டி போட்டுத் தரைக்கு ஓடு பதிக்கிறவள். முட்டி இரண்டும் ஒட்டகத்துக்கு இருப்பது போலக் காய்த்திருக்கும். வேலை முடிந்து, சிமென்ட் ஒட்டிய கரண்டியும் வாளியுமாகத் தம்பி வீட்டுக் குழாயடிக்கு வந்தாள்.

“டேய், மேசையை அறுக்கப் போறியாமே?”

“உனக்குத் தெரியாதுக்கா. நேர்கோடு செத்த கோடு.”

“உன் அளவு டேப்பு என்ன வளைஞ்சா இருக்கு? அதைத்தானே கழுத்துல போட்டுக்கிட்டுச் சோறு தின்னுற?”

“அது வேற, இது வேற.”

“சரி, ஒண்ணு கேக்கறேன். ஒருத்தன் கடைக்கு வந்து சட்டை தைக்கணும்னா முதல்ல என்ன பண்ணுவ?”

“அளவெடுப்பேன்.”

“உனக்கு ஏழு அறை போட்டுக் கொடுக்கப் போறவன் இந்த அறையில டேப்பை வச்சானா?”

தையல்காரர் கொஞ்சம் யோசித்தார். “கண்ணாலயே அளந்துட்டாரு” என்றார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி, பட்டன் தைத்த ஊசியைப் பல்லில் கடித்தபடியே, “கண்ணால அளந்தாரு, வாயால வெட்டப் போறாரு. நாம கையால வாரிக் கொட்டணும்” என்றாள்.

“நீ சும்மா இரு. தொழில் படுத்துக் கிடக்குது. நாலு பேருக்குக் கூலி எங்கேருந்து கொடுக்கறது? ஏதாவது பண்ணித்தானே ஆகணும்!” தையல்காரரின் குரல் உடைந்தது. எழுந்து வெளியே போய்விட்டார்.

அக்கா கரண்டியை வாளித் தண்ணீரில் போட்டாள். சோப்பைப் போட்டு வாளியைக் கலக்கினாள். நுரை பொங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க அண்ணி, நுரையில உங்களுக்கும் முகம் தெரியுதா?” என்று கேட்டபடி தம்பி மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“இங்க பாருடி. ஒரு குமிழியும் இன்னொரு குமிழியும் ஒட்டுற இடம் சுவர். எங்க பாத்தாலும் மூணு சுவர்தான் ஒரு இடத்துல சேருது. மூணும் சம தூரத்துல விலகி நிக்குது. குறுகின மூலைன்னு ஒண்ணு இருக்கா, தேடு.”

தம்பி மனைவி தேடினாள். இல்லை. ஒரு குமிழி உடைந்தது. பக்கத்துக் குமிழிகள் சட்டென்று நகர்ந்து இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. அப்போதும் இல்லை.

“ஆனா அவன் போடுற வீட்டுல ஒரு மூலை இருக்கு. ஊசி மாதிரிக் கூராப் போகும். துடைப்பம் நுழையாது. எலியே பின்பக்கமாத்தான் வெளிய வரணும். அஞ்சு சுவர் ஒரே புள்ளியில வந்து முட்டிக்கும். அந்த மூலைக்கு ஓடு வெட்டுறதுக்குள்ள எனக்கு உயிர் போயிடும். நுரைக்குத் தெரிஞ்சது அவனுக்குத் தெரியல. இயற்கையாம், இயற்கை!”

“ஒரு வீட்டுல அப்படி வந்திருக்கும்.”

“அங்கதான் இருக்கு விஷயம்.” அக்கா சாமான் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். ஓடு வந்த பெட்டியில் வெட்டிய அட்டை. ஒரு முனை கூராக இருந்தது. “கோணல் மூலைக்கு ஓடு வெட்டணும்னா முதல்ல அட்டையில வெட்டி வச்சுப் பாப்போம். இது தலைமை எழுத்தர் வீட்டுக்கு வெட்டினது. முதல் வீடு. மூணாவது வீட்டுல சோம்பேறித்தனத்துல இதையே வச்சுப் பாத்தேன். கச்சிதமா உக்காந்துச்சு. நாலாவதுல உக்காரல. திருப்பிப் போட்டேன், உக்காந்துச்சு. பதினோரு வீட்டுக்கும் இந்த ஒரே அட்டைதான். வீடு பெரிசு, சிறிசுன்னு மாறும். மூலை மாறவே இல்ல.”

தம்பி மனைவி ஊசியைப் பல்லிலிருந்து எடுத்தாள்.

“பதினோரு வீடு வரைக்கும் வாயைத் திறக்கல. பன்னண்டாவது உங்க தம்பி வீடுன்னதும் கண்ணு தெரிஞ்சிருச்சா அண்ணி?”

குத்தல் சரியான இடத்தில் ஏறியது. அக்கா கரண்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஆமாடி. கோணல் வேலைக்குக் கூலி ஜாஸ்தி. வாயை மூடிக்கிட்டேன். அது தப்புத்தான். இப்ப அதுக்கும் சேத்துத் திறக்கறேன். தம்பி மண்ணெடுத்து வச்ச டப்பா எங்க?”

சனிக்கிழமை. கூடம் நிரம்பி வழிந்தது. தையல்காரர் டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை போல நின்றார். பின்னால் மனைவியும் அக்காவும். முன்வரிசையில் தலைமை எழுத்தர். பேட்டையிலேயே தேன்கூட்டாருக்கு அவரைவிடப் பெரிய தொண்டர் கிடையாது. பீரோவைச் சுற்றிச் சுற்றி நடந்தே அவருக்குத் தொப்பை குறைந்திருந்தது. அதையும் மண்முகத்தின் கணக்கில்தான் எழுதினார்.

அக்கா அவரிடம் ஓர் உறையை நீட்டினாள். நன்றாக ஒட்டிய உறை.

“சார், இதைக் கொஞ்சம் வச்சிருங்க. உங்களைவிட நேர்மையானவர் இங்க யாருமில்ல. நான் சொல்றப்ப பிரிச்சாப் போதும்.”

“என்னம்மா இது?”

“என் தம்பி வீட்டு மண்முகம், சார். மண்ணு பேசறதுக்கு முன்னாடியே நான் எழுதிட்டேன்.”

“அடப் போம்மா. அகம்பாவம் பிடிச்சவளா இருக்கியே!” என்றார். ஆனாலும் நேர்மையானவர் என்று சொல்லிவிட்டாளே! உறையைச் சட்டைப்பையில் வைத்துப் பையின் மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

தேன்கூட்டார் டப்பாவைத் திறந்தார். சிவப்பு மண். ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தார். கண்கள் சொருகின.

“ஆகா! மூணு தலைமுறையோட வியர்வை இருக்கு இதுல. கிழக்கு மூலையில ஒரு கிணறு தூர்ந்து கிடக்கு. அது மூச்சு விட முடியாம அழுவுது.”

தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனையை வாங்கி ஒன்பது வருடம்தான் ஆகிறது என்பது அந்த நிமிடம் அவருக்கு நினைவில்லை.

மண் தட்டில் விழுந்தது. ஜீவத் திரவம் ஊற்றப்பட்டது. மூன்று முறை ஆட்டியாயிற்று. வாளியில் கவிழ்த்தார். சிவப்புப் படலத்துக்கு நடுவே வெள்ளைக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. கூட்டம் “ஓ” என்றது. தாளை வைத்து நகலெடுத்து உயரத் தூக்கிக் காட்டினார். ஏழு அறை.

“சார், இப்பப் பிரிங்க” என்றாள் அக்கா.

தலைமை எழுத்தர் உறையைப் பிரித்தார். உள்ளே மெல்லிய தாள். பார்த்தார். மேடையைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். முப்பத்தைந்து வருடம் அசல் நகல் சரிபார்த்த கண். அது பொய் சொல்லப் பழகவில்லை.

“அதேதான்” என்றார் மெதுவாக. பிறகு, தேள் கொட்டினவர் போல, “ஏம்மா! இது என் வீடு! என் வீட்டு நடுக்கூடத்துல மாட்டியிருக்கிற மண்முகம்!” என்றார்.

“ஆமா சார். நேத்து ராத்திரி உங்க வீட்டுல பேந்த ஓட்டை ஒட்டித் தர்றேன்னு வந்தேன்ல? அப்ப தாளை வச்சு நகலெடுத்தேன். நீங்கதான் டீ கொடுத்தீங்க.”

ஓட்டுநர் எழுந்தார். அவர் வீடு கூடத்துக்கு எதிரிலேயே. ஓடிப்போய்ச் சுவரில் மாட்டியிருந்த சட்டத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அவரைப் பார்த்து இன்னும் மூன்று பேர் ஓடினார்கள். சட்டங்களைப் பிரித்துத் தாள்களை ஒன்றன் மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தார்கள். ஒன்றைத் திருப்ப வேண்டியிருந்தது. இன்னொன்றைப் புரட்ட வேண்டியிருந்தது. அப்புறம் எல்லாத் தாளிலும் ஒரே கோடுதான். ஒரு தட்டை வைத்தே ஒரு பேட்டையை மேய்க்க முடியும்போது இரண்டாவது தட்டு எதற்கு?

தேன்கூட்டார் கலங்கவில்லை. தொழில்காரர் அல்லவா. கைகளை விரித்தார்.

“குழந்தைகளே, இதுதான் அதிசயம்! மண்ணெல்லாம் ஒரே தாய். தாய்க்கு முகம் எத்தனை? ஒண்ணுதானே!”

என்ன சொல்வது நம் மக்களை! நாலைந்து தலைகள் ஆடத் தொடங்கின. மருந்துக்கடைக்காரர், “அட, அதுவும் சரிதானே” என்றார்.

“அப்ப மண்ணு இல்லாட்டி முகம் வராதில்ல?” என்று கேட்டாள் தம்பி மனைவி. “டப்பாவுல இருந்தது மண்ணே இல்லீங்க. எங்க வீட்டு மண்ணை நேத்தே செடித் தொட்டியில கொட்டிட்டேன். அது அண்ணி இடிச்ச உடைஞ்ச ஓட்டுத் தூள். இந்தப் பதினோரு வீட்டுலயும் மிச்சமானது.”

“மூணு தலைமுறை வியர்வையாம்” என்றாள் அக்கா. “ஓடு சூளையிலேருந்து வந்து மூணு வருஷம்கூட ஆகல. கிணறு எங்க தூர்ந்து கிடக்கு சார், ஓட்டுக்குள்ளயா?”

கூடம் சிரித்தது. முதலில் பின்வரிசை சிரித்தது, பிறகு எல்லோரும். தையல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. மனைவியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். நேராக மேடையேறினார்.

“அவநம்பிக்கை உள்ளவங்க தட்டைத் தொடக் கூடாது!” என்று தேன்கூட்டார் கத்தினார்.

“நான் நம்பிக்கை உள்ளவன்தாங்க” என்றார் தையல்காரர். “அதனாலதான் தொடறேன்.”

தட்டை எடுத்து வாளித் தண்ணீரில் அலசினார். துடைத்த கண்ணாடி சுத்தமாக இருந்தது. கோடு கண்ணுக்குத் தெரியவில்லை. கட்டைவிரல் நகத்தால் மெதுவாகச் சுரண்டினார். நகத்தின் நுனியில் வெள்ளையாக ஒரு சுருள் வந்தது. முகர்ந்து பார்த்தார்.

“மெழுகு” என்றார். “துணியில மெழுகு பட்டுச்சுன்னா காகிதம் வச்சு இஸ்திரி போட்டு எடுக்கறவன் நான். எனக்குத் தெரியாதா? மெழுகு இருக்கிற இடத்துல தண்ணி ஒட்டாது, சேறும் ஒட்டாது.” ஜீவத் திரவக் கூஜாவில் விரலை விட்டார். விரலும் விரலும் ஒட்டிப் பிரிந்தன. “இது கஞ்சி. சட்டைக் காலருக்குப் போடுறது. இதை நான் வாரத்துக்கு ரெண்டு வாளி காய்ச்சறேன்யா!”

கடைசி வரி அவர் வாயிலிருந்து அழுகையாகவும் சிரிப்பாகவும் வந்தது. தன் வீட்டு அடுப்பில் கொதிக்கிற கஞ்சியையே இன்னொருவன் கூஜாவில் ஊற்றி, ஜீவன் என்று சொன்னதும் கும்பிட்டுவிட்டோமே என்ற கோபம் அது.

தலைமை எழுத்தர் எழுந்து நின்றார். “ஐயா, என் பீரோ ரெண்டு வருஷமா நடுவீட்டுல நிக்குது” என்றார். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிக்கொண்டே சட்டைக் கையை மடித்தார்.

தேன்கூட்டார் கூட்டத்தைப் பார்த்தார். பக்கவாட்டுக் கதவைப் பார்த்தார். இயற்கையில் நேர்கோடே கிடையாது என்று மூன்று வருடம் முழங்கிய மனிதர், மேடையிலிருந்து கதவு வரை நூல் பிடித்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாத நேர்கோட்டில் ஓடினார். மச்சான் கடை அன்று மத்தியானமே பூட்டிக் கிடந்தது.

திங்கட்கிழமை இடிக்க வந்த ஆட்களைத் தையல்காரர் டீ வாங்கிக் கொடுத்து, தலைமை எழுத்தர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அங்கே இடிக்க நிறையவே இருந்தது. அந்த ஊசி மூலையை உடைக்கும்போது அக்காவும் போய் நின்றாள். அவள் பதித்த ஓடுதான். பீரோ சுவரோரம் போகும்படி கூலியில்லாமல் மறுபடி பதித்துக் கொடுத்தாள். மற்றப் பத்து வீட்டுக்காரர்களுக்கும் தலைக்கு ஒரு மூலை சரிசெய்து தருவதாகச் சொல்லியிருக்கிறாள். காய்த்த முட்டிக்கு இன்னும் கொஞ்சம் வேலை.

தையல்காரரின் தொழில் ஒரே நாளில் எழுந்து ஓடவில்லை. அதிசயம் தேன்கூட்டார்களிடம்தான் நடக்கும். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் மனைவியும் அக்காவுமாக மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு வேலை செய்தார்கள். இரண்டு சுத்தமான கண்ணாடிக்கு நடுவே சோப்பு நுரையை அழுத்தி, உறிஞ்சுகுழாயால் ஊதினார்கள். வெட்டும் மேசைக்கு ஒரு பெரிய குமிழி. நாலு மிஷினுக்கு நாலு சின்னக் குமிழி. ஒன்றைப் பெரிதாக ஊதினால் பக்கத்துச் சுவர் நகர்ந்தது.

“இடம் வேணுங்கறவன் தள்ளுறான், பக்கத்துல இருக்கறவன் நகர்றான். அவ்வளவுதானே அக்கா?” என்றார் தையல்காரர்.

“அவ்வளவுதான். யாருக்கு எவ்வளவு வேணும்னு நீதான் அளக்கணும். நுரை அளக்காது.”

அளந்தார், டேப்பை வைத்து. பதினெட்டு அடிச் சுவர் அப்படியே நின்றது. மேசையும் நின்றது. துணி அடுக்கும் மூலைக்குப் போட்டிருந்த ஒட்டுப்பலகைத் தடுப்புத்தான் மிஷின்களை நெருக்கிக்கொண்டிருந்தது என்று தெரிந்தது. அதைச் சாய்வாகத் திருப்பினார்கள். இருட்டில் இருந்த இரண்டு மிஷினுக்கு ஜன்னல் வெளிச்சம் வந்தது. பாதி நாள் சும்மா நின்ற மிஷினில் இப்போது துணியை அளவுக்குத் திருத்தும் வேலை நடக்கிறது. ஆயத்த ஆடைக் கடையில் வாங்கி, உடம்புக்குச் சேராமல், திருத்தக் கொண்டுவருகிறவர்கள் கூட்டம். அளவெடுக்காமல் தைத்தால் அப்படித்தான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். அடுத்த மாதமே சமுதாயக் கூடத்து வாசலில் புதிய பலகை வைத்தார்கள். வீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டுகிற சத்தத்தைக் கேட்டு ஆயுள் சொல்கிறவர் வருகிறாராம். எட்டு மணிக்கே வரிசை. வரிசையில் மருந்துக்கடைக்காரர், கையில் குழாயோடு.

தலைமை எழுத்தர் மூச்சிரைக்க ஓடிவந்தார். அக்கா ஒரு வீட்டில் முட்டி போட்டு ஓடு பதித்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, அவன் நிஜமா பொய்யான்னு தெரியலையே! அந்த அட்டை இருக்கா உங்கிட்ட? சீக்கிரம் எடுத்துக்கிட்டு வா!”

அக்கா நிமிராமல் சொன்னாள்:

“அட்டையை அன்னிக்கே அடுப்புல போட்டுட்டேன் சார். அது ஒரு வீட்டு மூலைக்கு வெட்டினது. கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கே, அது எல்லா இடத்துக்கும் உக்காரும். நீங்களும் வச்சிருக்கீங்க. பெட்டியிலேருந்து இன்னும் பிரிக்கல, அவ்வளவுதான்.”